மணியோசை கேட்காமல் போன காலை: அண்ணன் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். எய்ட்ஸ் மருந்துக்காகப் போராடிய நியூயார்க்கின் 'ஆக்ட் அப்' இயக்கத்தைப் பற்றிச் சென்ற ஞாயிறன்று பேச்சு வந்தபோது, "கூச்சல் போட்டால் மருந்து கிடைத்துவிடுமா?" என்று கேட்டீர்கள். அத்தனை பேர் நடுவில் பதில் சொல்ல வாய்க்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இயக்கம் தொடங்கிய 1987 மார்ச் மாதத்தில்தான் எய்ட்ஸுக்கான முதல் மருந்தான ஏ.இசட்.டி. அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் என்று அதைத் தயாரித்த பரோஸ் வெல்கம் நிறுவனம் விலை வைத்தது. 1964-இலேயே புற்றுநோய்க்காக, அரசு நிதியுதவியுடன் உருவாக்கப்பட்ட வேதிப்பொருள் அது என்பதையும் சேர்த்து அந்த விலையைப் பாருங்கள்.

அவர்கள் கூச்சல் மட்டும் போடவில்லை, அண்ணா. மேற்கு 13-ஆம் தெருவில் திங்கட்கிழமைதோறும் கூடிய அந்த இயக்கத்துப் பால்புதுமையினருக்கு (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர்), மருந்துப் பரிசோதனைகள் எப்படி நடக்கின்றன என்பதை ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். நிறுவனத்தாரை நேரில் சந்தித்து விலையைக் குறைக்கக் கேட்டார்கள், மறுக்கப்பட்டது.

1989 செப்டம்பர் 14 அன்று ஏழு பேர் கோட்டும் டையுமாக, போலி அடையாள அட்டைகளைக் குத்திக்கொண்டு, தரகர்களைப் போல நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்டேலி ஜே.பி. மார்கனில் கடன் பத்திர வணிகராக இருந்தவர். அந்த உலகத்தின் நடையுடை அவருக்கு அத்துப்படி. காலை ஒன்பதரைக்கு வணிகத்தைத் தொடங்கிவைக்கும் மணி அடிக்கவிருந்த வேளையில், மேல்மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, 'வெல்கம் பங்குகளை விற்றுவிடு' என்ற பதாகையை விரித்து, காற்று ஊதல்களை அலறவிட்டார்கள். மணியோசை அதில் அமுங்கிப்போனது. கீழே நின்ற தரகர்கள் ஆத்திரத்தில் காகிதங்களைக் கசக்கி அவர்கள்மீது எறிந்தார்கள்.

அவர்கள் செய்த அனைத்தையும் நான் ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கின் கத்தோலிக்கப் பேராலயமான புனித பேட்ரிக்கில் நடத்திய போராட்டத்தின்போது ஒருவர், வழிபாட்டில் புனிதமாகக் கருதப்படும் நற்கருணை அப்பத்தை நொறுக்கியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இயக்கத்துக்குள்ளேயே அதைப் பற்றிச் சண்டை நடந்தது.

ஆனால் பங்குச் சந்தைப் போராட்டம் நடந்த நான்காம் நாள், செப்டம்பர் 18 அன்று, ஏற்கெனவே ஒருமுறை குறைந்து ஏறத்தாழ 8,000 டாலராக இருந்த விலையை நிறுவனம் மேலும் 20 சதவீதம் குறைத்தது. குறைத்த பிறகும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,400 டாலர். அன்று திங்கட்கிழமை, அவர்கள் கூடும் நாள்.

அன்புடன்,
உங்கள் தம்பி