புறப்பாட்டுக்கு முந்தைய ஆண்டுகளையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகில் தன்னந்தனியாகப் பெருங்கடலைக் கடக்கும் பந்தயங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்பந்தயங்களுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சி அளித்தது. ஆயினும் அக்கட்டுரை புறப்பாட்டு நாளின் ஆரவாரத்தில் தொடங்கி, புயல், தனிமை, துணிவு என்று நகர்ந்து, வெற்றிக் கோட்டில் முடிந்துவிட்டது. படகு கயிறு அவிழ்ப்பதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி அதில் ஒரு பத்திகூட இல்லை. வணிகக் கப்பல்களில் அதிகாரியாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளே இப்பந்தயத்தின் பெரும்பகுதி என்பதையும், அவற்றைச் செய்தியாளர்கள் விட்டுவிடுவது பந்தயத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கே தீங்காக முடியக்கூடும் என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தீங்கு என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். 1968-ஆம் ஆண்டில் உலகை நிற்காமல் தனியே சுற்றி வரும் முதல் பந்தயமான கோல்டன் குளோப்பை அறிவித்தது லண்டனின் ‘சண்டே டைம்ஸ்’ என்ற ஒரு செய்தித்தாள்தான். ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எந்த நாளிலும் புறப்படலாம். போட்டியாளரின் கடல் அனுபவத்துக்கு எந்தச் சான்றும் கேட்கப்படவில்லை. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். ஒருவரே பந்தயத்தை முடித்தார். அந்த ஒருவரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் வணிகக் கப்பல் அதிகாரியாக இருந்தவர். அவருடைய ‘சுஹைலி’ 32 அடி நீளமே கொண்ட தேக்கு மரப் படகு. வேகத்தில் அது மற்றவர்களின் படகுகளுக்கு நிகரானதல்ல. ஆனால் அது மும்பையில் அவருக்காகக் கட்டப்பட்டது. அதிலேயே அவர் இங்கிலாந்து வரை பயணம் செய்திருந்தார். பந்தயம் தொடங்கிச் சில வாரங்களில் பலகை இணைப்பு வழியே நீர் கசிந்தபோது, நீருக்கடியில் மூழ்கித் தாமே அந்த இணைப்பை அடைத்தார். பின்னர் குடிநீர் கெட்டது, வானொலி பழுதானது, தானாகத் திசை காக்கும் அமைப்பு உடைந்தது. அத்தனைக்கும் பிறகு 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பினார். தம் படகின் ஒவ்வொரு பலகையையும் புறப்படுவதற்கு முன்பே அறிந்திருந்த மனிதருக்கே அது முடிந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

அதே பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட், அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான அக்டோபர் 31 அன்று புறப்பட்டார். அவசரமாகக் கட்டப்பட்ட அவருடைய மூவுடல் படகில் வேலைகள் முடிந்திருக்கவில்லை. கவிழ்ந்தால் படகை நிமிர்த்துவதற்கென அவர் வகுத்திருந்த அமைப்பு இயங்கும் நிலையில் இல்லை. தேவையான உதிரிப் பொருள்களில் ஒரு பகுதி கரையிலேயே நின்றுவிட்டது. விலகினால் படகின் செலவு தம் தலையில் விழும் என்னும் ஒப்பந்தம் ஒரு பக்கமும், செய்தித்தாள்கள் எழுப்பிவிட்ட எதிர்பார்ப்பு மறுபக்கமும் அவரை நெருக்கின. அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை அனுப்பினார். அவை பெருஞ்செய்தியாக அச்சாயின. அவர் தம்மை நெருங்கி வருகிறார் என நம்பிய சக போட்டியாளர் நைஜல் டெட்லி, ஏற்கெனவே பழுதுபட்டிருந்த தம் படகை அளவுக்கு மீறி விரட்ட, முடிவிடத்துக்குச் சுமார் 1,100 கடல் மைல் தொலைவில் அது மூழ்கியது. டெட்லி மீட்கப்பட்டார். குரோஹர்ஸ்டின் படகு 1969 ஜூலையில் ஆளின்றி மிதந்துகொண்டிருந்த நிலையில் கிடைத்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆயத்தமாகாத ஒருவர் ‘இந்த முறை நான் வரவில்லை’ என்று சொல்ல இடமில்லாமல் போனதன் விளைவு இது. அந்த இடத்தை அடைத்தவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள்.

ஆயத்தம் என்றதும் பலர் படகையும் பாய்களையும் எண்ணுகிறார்கள். நான் முதலில் எண்ணுவது உறக்கத்தை. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் முறையான கண்காணிப்பை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. தனியாகச் செல்பவர் என்றேனும் உறங்கித்தான் ஆக வேண்டும். உறங்கும்போது அவ்விதியை அவரால் நிறைவேற்ற முடியாது. இதை மழுப்பாமல் ஏற்றுக்கொண்டு, அந்த ஆபத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதே நேர்மையான வழி. மணிக்கு 20 கடல் மைல் (20 நாட்) வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் 20 நிமிடத்தில் ஏறத்தாழ ஏழு கடல் மைல் வந்துவிடும். படகின் மேல்தளத்தில் நின்று சுற்றிப் பார்த்து, அடிவானம் வெறுமையாக இருக்கிறது எனப் படுத்தவர், அரைமணி நேரம் அயர்ந்தால் போதும், அந்தக் கப்பல் அவர் படகின் மேல் நிற்கக்கூடும். கப்பலை இயக்கும் மேடையான பாலத்தில் இரவுக் காவல் நின்றவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்கிறேன்: அலை உயர்ந்த கடலில் சிறு படகின் ரேடார் எதிரொலி, அலைகளின் எதிரொலிகளுக்கிடையே கரைந்து போகிறது. அவர்கள் நம்மைப் பார்த்துக்கொள்வார்கள் என்று படகோட்டி நம்பவே கூடாது.

ஆகவே கப்பல் நடமாட்டம் மிகுந்த பகுதியில் 20 நிமிடத்துக்கு மிகாத குட்டி உறக்கங்களும், வெறுங்கடலில் அதைவிட நீண்டவையும் எனப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே உடலைப் பழக்குகிறார்கள். உறக்க ஆய்வாளர் கிளாடியோ ஸ்டாம்பி இத்தகைய துண்டு உறக்கத்தைப் பற்றித் தனிப் படகோட்டிகளிடமே ஆராய்ந்தவர். எந்த நேரத்தில் உறங்கினால் தமக்கு அதிகப் பயன், எவ்வளவு களைத்தால் தம் முடிவுகள் பிசகத் தொடங்குகின்றன என்பதை ஒவ்வொருவரும் சொந்த உடலில் கண்டறிந்திருக்க வேண்டும். அது பந்தயத்தில் கற்றுக்கொள்ளும் பாடமல்ல. அருகில் வரும் கப்பலை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் ரேடார் எச்சரிக்கையும் உதவுகின்றன. ஆனால் அவை போதுமானவை அல்ல. 2021 ஜனவரியில், உலகை நிற்காமல் தனியே சுற்றி வரும் வெண்டே குளோப் பந்தயத்தை முடிக்க 90 கடல் மைல் அளவே இருந்தபோது போரிஸ் ஹெர்மனின் படகு ஒரு மீன்பிடிப் படகுடன் மோதியது. அவருடைய எச்சரிக்கைக் கருவிகள் ஒலிக்கவே இல்லை. ஏறத்தாழ 80 நாள் உலகைச் சுற்றி வந்த பிறகு, கரைக்கு மிக அருகில் இது நேர்ந்தது. கரையை நெருங்கும் கடைசி இரவுக்கான உறக்கத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் திட்டமும் ஆயத்தத்தில் அடங்கும்.

அடுத்தது, படகை விட்டு விழாமல் இருப்பது. தானியங்கிச் சுக்கானில் ஓடும் படகு, விழுந்தவருக்காக நிற்பதில்லை. எரிக் தபர்லி அட்லாண்டிக் தனிப் பந்தயத்தை 1964-லும் 1976-லும் வென்ற பெரும் படகோட்டி. 1998-இல் ஐரிஷ் கடலில், அதுவும் உடன் ஆட்கள் இருந்த படகிலிருந்து, இரவில் விழுந்து இறந்தார். பாதுகாப்பு வார் அவர் அணிந்திருக்கவில்லை. ஆகவே படகின் நடுவே நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டையில், அறையின் வாயிலைத் தாண்டும் முன்பே கொக்கியை மாட்டும் பழக்கம், நினைத்துச் செய்யும் செயலாக இல்லாமல் கை தானே செய்யும் செயலாக மாற வேண்டும். கட்டுக்கயிறு, ஆள் விளிம்பைத் தாண்டாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். நீளமான கயிறு அவரைப் படகோடு இழுத்துச் செல்லுமே தவிர, மேலே கொண்டுவராது.

படகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். வெண்டே குளோப் பந்தயத்தின் 60 அடிப் படகுகளில், துறைமுகத்திலேயே படகைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் ஓட்டுநர் படகின் அடியில் நீளும் கனத்த எடையான கீலை அசைத்துத் தாமே அதை நிமிர்த்திக் காட்டும் சோதனை நடத்தப்படுகிறது. இருட்டில், தலைகீழான அறையில் நின்று, எந்த விசை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்த அனுபவம் அண்டார்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலில் முதன்முறையாகக் கிடைக்கக் கூடாது என்பதே அதன் பொருள். அதுபோலவே, பாய் தைப்பது முதல் தம் உடலையே தைப்பது வரை கற்றிருக்க வேண்டியுள்ளது. 1992-93 வெண்டே குளோப் பந்தயத்தில் பெர்த்ராண் த புரோக், கரையிலிருந்த மருத்துவரின் குறிப்புகளைப் பின்பற்றிக் கிழிந்த தம் நாக்கைத் தாமே தைத்துக்கொண்டார். உணவு, குடிநீர் ஆக்கும் பொறி, அது பழுதானால் கையால் இயக்கும் மாற்றுப் பொறி ஆகியவை எல்லாம் கணக்குப் போட்டு முடிக்கக்கூடியவை.

2018-இல் மீண்டும் தொடங்கப்பட்ட கோல்டன் குளோப் பந்தயத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டி கிடையாது. வானத்துப் பொருள்களின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், நேரமானி, காகித வரைபடம் ஆகியவற்றைக் கொண்டே இடமறிய வேண்டும். கோணத்தில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினால் ஒரு கடல் மைல் பிசகும். நேரத்தில் நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் அதே ஒரு மைல். உயரமான, நிலையான கப்பல் பாலத்திலிருந்து விண்மீன் உயரம் அளந்தவன் நான். அலையின் முகட்டுக்கு ஏறும் நொடியில் மட்டும் அடிவானம் தெரியும் சிறு படகில், ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு அதையே செய்பவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. அந்தத் திறனும் ஆண்டுக்கணக்கான பயிற்சியில் வருவதே.

ஆயத்தத்தின் பயன் சில நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும் நேரங்கள் உண்டு. வெண்டே குளோப் பந்தயத்தில் 2020 நவம்பர் 30 அன்று நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் மடிந்து உடைந்தது. உயிர்காப்பு உடையை அணியவும், செய்தி அனுப்பவும், மிதவையில் ஏறவும் அவருக்கு நிமிடங்களே இருந்தன. அந்த உடை அடுக்குக்கு அடியில் மூட்டையில் கிடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது ஐயமே. சுமார் 11 மணி நேரத்துக்குப் பின் அவரை மீட்டவர் சக போட்டியாளரான ஜான் ல காம். 2009-இல் ஹார்ன் முனை அருகே தாமே கவிழ்ந்த படகுக்குள் சிக்கி, இன்னொரு போட்டியாளரால் மீட்கப்பட்டவர் அவர். 2022-இல் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில், அந்த நவம்பரில் தாபியோ லெஹ்டினனின் படகு தென் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியபோது, ஒரு நாள் அளவுக்கு மிதவையில் கிடந்த அவரைத் தேடி எடுத்தவர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அங்கிருந்து ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பல் லெஹ்டினனை ஏற்றிக்கொண்டது. அடுத்த ஏப்ரலில் அப்பந்தயத்தையே வென்று, உலகைச் சுற்றும் தனிப் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் பெண் ஆனார் நாய்ஷேஃபர். பிறரை மீட்கத் திரும்பும் அளவுக்குப் படகிலும் உடலிலும் இருப்பு வைத்திருப்பதையும் நான் ஆயத்தமாகவே காண்கிறேன்.

அப்பந்தயத்தில் 16 பேர் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் முழுச் சுற்றையும் முடித்தவர்கள் மூவரே. இரண்டாவதாக வந்தவர் இந்தியரான அபிலாஷ் டோமி. 2018 பந்தயத்தில் படகு உருண்டு, பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு காயமுற்று, அசைய முடியாமல் கிடந்த அவரை ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கலம் மீட்டது. அதன்பின் அவர் மீண்டும் நடந்து, மீண்டும் ஒரு படகைத் தேடி, அதைப் பலப்படுத்திப் புறப்பட்ட இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றிய செய்திகள், விபத்தைப் பற்றிய செய்திகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இளம் வாசகருக்கு அந்த ஆண்டுகளே கூடுதலாகப் பயன்படும்.

இன்று பந்தய அமைப்பாளர்கள் 1968-ஐப் போல யாரையும் விட்டுவிடுவதில்லை. ஆறரை மீட்டர் படகுகளில் அட்லாண்டிக்கைத் தனியே கடக்கும் மினி டிரான்சாட் பந்தயத்தில்கூட, இடைநில்லாமல் 1,000 கடல் மைல் தனியே சென்று காட்டியவருக்கே இடம் உண்டு. ஆனால் தகுதி பெற்றவர் மீதும் புறப்பாட்டு நாள் ஓர் அழுத்தத்தைச் சுமத்துகிறது. ஆதரவு நிறுவனத்தின் பெயர் பாயில் எழுதப்பட்டிருக்கும். கரையில் படப்பிடிப்பாளர்கள் காத்திருப்பார்கள். கீலின் மூட்டில் ஓர் ஐயம், தோளில் ஆறாத வலி என்று அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்வது எளிதல்ல.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பந்தயத்தைப் பற்றி எழுதும்போது, தகுதிப் பயணத்தில் எது உடைந்தது, அது எப்படிச் சரிசெய்யப்பட்டது, இரவில் எவ்வாறு உறங்கப் பழகினார், மிதவையைக் குளிர்ந்த நீரில் எத்தனை முறை ஏறிப் பார்த்தார் என்று போட்டியாளர்களைத் தங்கள் செய்தியாளர் கேட்கட்டும். யாரேனும் படகோ உடலோ ஆயத்தமாகவில்லை என்று புறப்பாட்டுக்கு முன் விலகினால், அதைப் ‘பின்வாங்கினார்’ என்ற தலைப்பில் இரண்டு வரியில் முடிக்காமல், என்ன கண்டறிந்து விலகினார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு, வென்றவருக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது அவருக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
வணிகக் கப்பல் அதிகாரி (ஓய்வு)