நியூட்ரல் போனால் டிவி போகும்: மன்னார்குடி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராஜமாணிக்கம்,

உன் கடிதமும் கூட அனுப்பிய போட்டோக்களும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். தை மாசம் பேத்தியின் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம்.

இனி டிவிக்கு வருகிறேன். மழை நேரத்தில் இடி இறங்கி டிவி போய்விட்டது, எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். போட்டோவைப் பார்த்தால் எனக்கு இடி மாதிரி தெரியவில்லை. ஸ்டெபிலைசர் கடைக்கு இப்போதைக்குப் போகாதே.

பவர் போர்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பார். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் இருக்கும் கண்ணாடி ஃபியூஸ் உள்பக்கம் முழுக்கக் கறுத்திருக்கிறது. பக்கத்தில் நீல நிற வட்டச் சில்லு ஒன்று வெடித்து இரண்டாகக் கிடக்கிறது. 14டி471 என்ற எழுத்து பாதி தெரிகிறது. அதுதான் எம்ஓவி, ஹை வோல்டேஜ் வந்தால் மற்றதைக் காக்கிற காவல் சில்லு. பெரிய கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து போனால், ஹை வோல்டேஜ் வந்து சில நிமிஷமாவது அங்கேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். இடி என்றால் பெரும்பாலும் டிஷ் வயர் வழியாகவோ இன்டர்நெட் வயர் வழியாகவோதான் வரும். அப்போது செட் டாப் பாக்ஸும் டிவியின் எச்டிஎம்ஐ சாக்கெட்டும் முதலில் போகும், பவர் போர்டு பல நேரம் தப்பித்துவிடும். உன் செட் டாப் பாக்ஸ் வேறு டிவியில் போட்டால் நன்றாக ஓடுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அதைவிடப் பெரிய சாட்சி தங்கச்சி சொன்னது. அடுக்களையில் கிரைண்டர் உறுமிக்கொண்டே நின்றுவிட்டது, அதே நேரம் ஹாலில் லைட் கண்ணைக் கூசும்படி எரிந்தது, ஃபேன் பறந்தது. ஒரே வீட்டில் ஒரு பக்கம் லோ, மறுபக்கம் ஹை என்றால் அது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற பொது வயர், கட்டானதன் அடையாளம். வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

உனக்கு இருப்பது மூன்று பேஸ் சர்வீஸ். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். அந்த 230ஐ 230ஆகப் பிடித்து வைத்திருப்பது நியூட்ரல் வயர். அது விட்டுப்போனால் அடுக்களைச் சாமான்களும் ஹால் சாமான்களும் 400 வோல்ட்டுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். அதிக வாட் இழுப்பதற்குக் குறைந்த வோல்டேஜும், குறைந்த வாட் இழுப்பதற்கு அதிக வோல்டேஜும் போய்ச் சேரும். சுலபமான கணக்காகச் சொல்கிறேன். ஒரு பேஸில் 1000 வாட் ஹீட்டர் மட்டும், இன்னொன்றில் 100 வாட் டிவி மட்டும் இருப்பதாக வைத்துக்கொள். ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 53 ஓம், டிவிக்கு 529 ஓம். 400ஐ அந்த விகிதத்தில் பிரித்தால் டிவிக்கு 364 வோல்ட், ஹீட்டருக்கு வெறும் 36. உன் வீட்டில் மூன்று பேஸிலும் லோடு கலந்திருந்ததால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது, ஆனால் போகிற திசை இதுதான். கிரைண்டர் நின்றபிறகு நிலைமை இன்னும் கெட்டிருக்கும். சுற்றாமல் நிற்கிற மோட்டார், ஓடுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருக்கும். உள்ளே வரும் ஏசியை முதலில் டிசியாக்கி அந்தக் கெப்பாசிட்டரில் நிரப்பிக்கொள்வார்கள். 230 வோல்ட் ஏசிக்கு அதில் 325 வோல்ட் டிசி நிற்கும். உன் போர்டில் இருப்பது 400 வோல்ட் கெப்பாசிட்டர். ஏசி 283ஐத் தாண்டினாலே அதன் எல்லை முடிந்தது. எம்ஓவிக்குத் தொடர்ந்து தாங்கும் எல்லை 300 வோல்ட். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அலையின் உச்சியிலும், அதாவது வினாடிக்கு 100 தடவை, அது கடத்தத் தொடங்கும், சூடேறும், ஷார்ட்டாகி ஃபியூஸைப் போக்கிவிடும். தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதற்கு விதித்த வேலை. உன் டிவியில் அது ஓரளவு நடந்திருக்கிறது, மெயின் போர்டும் பேனலும் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இப்போது ஸ்டெபிலைசர். டிவிக்கு ஸ்டெபிலைசர் என்பது டயனோரா, சாலிடெர் காலத்துப் பழக்கம். லோ வோல்டேஜ் வந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கும், அதனால் எல்லோரும் வாங்கினோம். இன்றைய எல்இடி டிவி 120 வோல்ட்டிலும் அமைதியாக ஓடும். லோ வோல்டேஜ் கொல்வது மோட்டாரை. பழைய மாடல் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் 160க்குக் கீழே கிளம்ப முடியாமல் திணறி வைண்டிங் கருகும். ஆகவே ஃபிரிட்ஜுக்கு இருக்கிற ஸ்டெபிலைசரை எடுத்துவிடாதே. ராத்திரியில் 250 காட்டுகிறது என்று பயந்திருக்கிறாய், அதற்குப் பயப்பட வேண்டாம். நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர்கள் 11,000 வோல்ட்டை 433 ஆக்குபவை. லோடு இல்லாத நேரத்தில் ஒரு பேஸுக்கு 250 வருவது அதன் இயல்பு. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான் இருக்கும்.

செய்ய வேண்டியதில் முதல் வேலை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பது. அதைச் செய்யாமல் என்ன வாங்கி மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. இப்போது சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதே. லூஸ் கனெக்‌ஷன் காற்றடித்தால் விடும், காற்று நின்றால் ஒட்டும். நல்ல வயர்மேன் ஒருவரை மல்டிமீட்டரோடு கூப்பிடு. வீட்டு மெயின் போர்டில் மூன்று பேஸின் வோல்டேஜையும் நியூட்ரலோடு வைத்து எழுதிக்கொள்ளச் சொல். பிறகு ஒரு பேஸில் மட்டும் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டு மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும், வேறொரு பேஸிலும் அதே மாதிரி. லோடு போட்ட பேஸ் நாலைந்து வோல்ட் இறங்குவது சகஜம். ஆனால் அது இறங்கும்போது மற்ற இரண்டும் பளிச்சென்று ஏறினால் நியூட்ரல் எங்கேயோ பிடிப்பில்லாமல் இருக்கிறது.

உன் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது லைன் கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிப் போட வைத்த சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சை. நாலாவது கத்தியில், அதாவது நியூட்ரலில், ஸ்பிரிங் தளர்ந்து கறுத்திருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல். (கழற்றுவதற்கு முன் மெயினை இறக்க வேண்டும். மீட்டரிலிருந்து சுவிட்ச்சுக்கு வரும் முனைகளில் அப்போதும் கரண்ட் இருக்கும், அது வயர்மேனுக்குத் தெரியும், நீ கை வைக்காதே.) அடுத்தது நியூட்ரல் லிங்க், அதாவது நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை, அதன் ஸ்க்ரூக்கள். அதன்பின் சர்வீஸ் வயர். அலுமினிய வயரைச் செம்பு முனையில் இறுக்கினால் காலப்போக்கில் அலுமினியம் நெகிழ்ந்து கொடுக்கும், மேலே ஆக்ஸைடு படரும், பிடிப்பு போய்ச் சூடேறும். மீட்டரின் சீலை உடைக்காதே. மீட்டர் முதல் போஸ்ட் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் போன் போட்டு, கரண்ட் சரியில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "சர்வீஸ் லைனில் நியூட்ரல் லூஸ், ஒரு பேஸில் ஹை வோல்டேஜ் வருகிறது" என்று சொல், புகார் எண் வாங்கிக்கொள். பக்கத்து வீடுகளிலும் அன்றைக்கு இதே கதை என்றால் கோளாறு போஸ்டில் வயர்களை இணைக்கும் ஜம்பரிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கும். அதையும் சேர்த்துச் சொல்.

ஒன்று மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதே. நியூட்ரல் வரவில்லை என்றால் "தற்காலிகமாக" எர்த்தை நியூட்ரலாகக் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. லைட் எரியும். ஆனால் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து மோட்டார் உடம்பு வரை எர்த் போகிற எல்லாவற்றிலும் கரண்ட் ஏறி, தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

இதெல்லாம் சரியான பிறகு வீட்டு மெயின் போர்டில் வோல்டேஜ் புரொடெக்டர் மாட்டு. எம்சிபி மாதிரியே ரெயிலில் உட்காரும், முகப்பில் வோல்டேஜ் காட்டும், எல்லை மீறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கட் பண்ணும், சரியானதும் தானே சேர்க்கும். மூன்று பேஸுக்கும் ஒன்றாக வருவதும் உண்டு. ஆனால் உனக்கு நான் சொல்வது பேஸுக்கு ஒன்றாக 40 ஆம்பியரில் மூன்று. ஒரு பேஸ் லோவானதற்காக வீடு முழுக்க இருட்டாக வேண்டியதில்லை. ஹை 265, லோ 170, திரும்பச் சேரும் நேரம் 180 வினாடி என்று செட் பண்ணச் சொல். அந்த மூன்று நிமிஷம் ஃபிரிட்ஜுக்காக. கம்ப்ரஸருக்குள் பிரஷர் சமமாவதற்குள் கரண்ட் வந்தால் மோட்டார் கிளம்பாமல் திணறும். வாங்கும்போது லேபிளில் பார்க்க வேண்டியது ஒன்றே: அந்தச் சாமானே 400 வோல்ட்டைத் தாங்குமா என்பது. தாங்காத மலிவுச் சரக்கு நியூட்ரல் போகும்போது டிவிக்கு முன்னால் தானே எரிந்துபோகும்.

இடிக்குத் தனியாக எஸ்பிடி, அதாவது இடியில் எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம், வேண்டும். புரொடெக்டரின் ரிலே அசைவதற்குள் இடியின் வேலை முடிந்திருக்கும், அது மைக்ரோ வினாடிக் கணக்கு. டைப் 2, மூன்று பேஸுக்கான 3+1 வகை, 320 வோல்ட், 40 கிலோ ஆம்பியர் என்று கேள். 275 வோல்ட் வகையும் தருவார்கள், அது நம் ஊர் ராத்திரி வோல்டேஜுக்கு மிகவும் நெருக்கம். மாட்டுகிறவர்கள் தவறு செய்வது வயர் நீளத்தில். பேஸிலிருந்து எஸ்பிடிக்கும் அதிலிருந்து எர்த் பாருக்கும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுருட்டக் கூடாது. அழகுக்காக வளைத்து வளைத்து இரண்டு மீட்டர் ஓட்டினால், அந்த வேகத்தில் வயரிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும், அது நேரே டிவிக்குப் போகும். எஸ்பிடியின் முகப்பில் உள்ள சின்ன ஜன்னல் பச்சையாக இருந்தால் உயிரோடிருக்கிறது, சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மாற்று. நியூட்ரல் கட்டானாலும் அது சிவப்பாகலாம்.

எர்த் இல்லாமல் எஸ்பிடி வெறும் பொம்மை. உன் எர்த் குழி வீடு கட்டிய காலத்து ஜிஐ பைப். எர்த்தின் ரெசிஸ்டன்ஸை அளக்கும் எர்த் மெக்கரில் 5 ஓமுக்குள் காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் 3 மீட்டர் செம்பு பூசிய ராட் ஒன்றைப் பென்டோனைட் என்கிற, ஈரம் பிடித்துவைக்கும் களிமண் தூள் போட்டு இறக்கு. மாடியில் டிஷ் நிற்கிற இரும்புக் காலையும் அந்த எர்த்தோடு இணை. இவ்வளவு செய்தாலும், கோடை மழையோ ஐப்பசி மழையோ இடியோடு வந்தால் டிவி பிளக்கையும் டிஷ் வயரையும் இடி தொடங்குவதற்கு முன்பே கழற்றிவிடு. சுவிட்சை அணைப்பது போதாது, அது பேஸை மட்டும் வெட்டும், நியூட்ரல் அப்படியே சேர்ந்துதான் இருக்கும். ஃபைபர் வந்துவிட்டதே என்கிறாய். கண்ணாடி இழையில் கரண்ட் போகாது, ஆனால் கேபிளோடு சேர்த்து இழுக்கிற ஸ்டீல் கம்பியில் போகும்.

உன் இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பார். டிவியும் மோடமும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கின்றன என்றால் அதை யுபிஎஸ் பக்கம் தள்ளிவை. பெரும்பாலான மாடல்களில் அப்போது 180க்குக் கீழும் 260க்கு மேலும் பேட்டரிக்கு மாறிவிடும். மறுபக்கம் இருந்தால் 290 வரை அப்படியே உள்ளே விடும்.

டிவியை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் எம்ஓவியைக் கட்டாயம் புதிதாகப் போடச் சொல். உடைந்ததை வெட்டி எடுத்துவிட்டு ஃபியூஸ் மட்டும் மாற்றினாலும் டிவி ஓடும், அதனால் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். கெப்பாசிட்டரை 450 வோல்ட்டுக்கு மாற்றச் சொல், இடம் இருந்தால் பொருந்தும். ஃபியூஸ் பழைய ஆம்பியரிலேயே இருக்க வேண்டும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துப் பார்க்கச் சொல். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட்டையும், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜையும் பார்க்க வேண்டும். போர்டு முழுவதும் மாற்ற வேண்டும் என்று பேனல் விலையில் பாதி கேட்டால் அவசரப்பட்டுத் தலையாட்டாதே.

அயர்ன் பாக்ஸ் போட்டுப் பார்த்த ஒன்பது எண்களையும் (போடாதபோது மூன்று, முதல் பேஸில் போட்டு மூன்று, வேறொரு பேஸில் போட்டு மூன்று) எழுதி அனுப்பு. சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சின் உள்பக்கப் போட்டோவும் வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வராசு
திருச்சி