விருந்து உணவு: வாங்கப் போகும் முன் படியுங்கள்

அனைவருக்கும் வணக்கம். விடுமுறை விருந்துக்கு யாரும் அடுப்படியில் நிற்க வேண்டாம், கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. நல்லது. அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும். முன்னால் கொட்டை எழுத்தில் 'பழ பிஸ்கட்' என்றிருந்தும், பின்னால் சர்க்கரை முதலிலும் பழம் கடைசியிலும் இருந்தால் அது சர்க்கரை பிஸ்கட்தான். வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை, எள் ஆகியவற்றில் ஏதேனும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்றே இங்கு எழுதிவிடுங்கள். வாங்குபவர்கள் லேபிளைக் கிழித்து எறியாமல் தட்டின் அருகிலேயே வையுங்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிக் கரண்டி. இதில் விவாதமே வேண்டாம்.

கிரீம் கேக், சாண்ட்விச், வெட்டிய பழம், இறைச்சி வகைகள்தான் தலைவலி. குளிர்ந்தவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், சூடானவை 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் குப்பைக்குத்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாமல், சிறு தட்டுகளில் வைத்து, தீரத் தீர மாற்றுவோம். கடையிலும் இவற்றைக் கடைசியாக எடுத்துக்கொண்டு நேராக வீடு திரும்புங்கள்.

சிப்ஸ், பிஸ்கட் வகைகளுக்கு இந்தக் கவலை இல்லை, முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் எல்லோரும் சிப்ஸாகவே வாங்கிக் குவித்துவிடாமல், யார் எதை வாங்குகிறீர்கள் என்பதைக் குழுவில் பதிந்த பிறகு கடைக்குக் கிளம்புங்கள்.