ரெண்டு நம்பரும் சரிதான் மச்சான்

மச்சான்,

போன்ல பேசினா நம்பர் எதுவும் மனசுல நிக்காது, அதான் உக்காந்து எழுதுறேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு. இங்க கோலாலம்பூர் செந்தூல்ல எல்லாரும் சுகம், சின்னவ எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போறா.

சரி, உன் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வண்டிக்கு வரேன். டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தத்தை அளக்க நீ மாட்டின பூஸ்ட் கேஜ் 18 காட்டுது, லேப்டாப்புல 225 வருது, எந்த சென்சார் போச்சுன்னு கேட்டிருந்த. எதுவும் போகல. கேஜ் பிஎஸ்ஐங்கிற அழுத்த அளவுல சொல்லுது, அதுவும் வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லுது. சாஃப்ட்வேர் கிலோபாஸ்கல்ல, வெளிக்காத்தையும் சேர்த்துச் சொல்லுது. ஒரு பிஎஸ்ஐ 6.9 கிலோபாஸ்கல், அதனால 18ஐ 6.9ஆல பெருக்கு, 124 வரும், அதோட கடல்மட்டத்து 101ஐக் கூட்டு, 225. நீ பட்டர்வொர்த்துல கடலோரமா இருக்கிறதால கணக்கு இவ்வளவு சுத்தமா வருது. இதே வண்டி சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறட்டும், தானா ராத்தாவுல வெளிக்காத்து 85 பக்கம்தான் இருக்கும், அங்கயும் அதே 225 வேணும்னு ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், கேட்டா கேஜ் 20ஐத் தாண்டும், டர்போ இன்னும் வேகமா சுத்தியாகணும். அதுக்குத்தான் உயரத்துல டார்கெட்டைக் குறைக்க தனியா ஒரு டேபிள் வச்சிருக்காங்க, அதுல கை வைக்காத.

எனக்கு பயம் என்னன்னா, மேப்புல, அதாவது ஈசியூ பாத்து நடக்கிற அளவு டேபிள்ல, இருக்கிற 225ஐ யாராவது வெளிக்காத்துக்கு மேலன்னு எடுத்துக்கிட்டு சென்சார் ஸ்கேலை மாத்திட்டா, கேஜ்ல 32, 33 வரைக்கும் போகும், அந்த டர்போ அதுக்குச் செஞ்சது இல்ல. சென்சார் அனுப்புறது வெறும் வோல்டேஜ் மச்சான். அது கிலோபாஸ்கலா பிஎஸ்ஐயான்னு சென்சாருக்குத் தெரியாது, மேப் ஃபைல் எழுதினவன் போட்ட பேர்தான் ஸ்க்ரீன்ல வருது. அந்தப் பேரை அப்படியே நம்பக்கூடாதுன்னுதான் நான் என் வொர்க்‌ஷாப் பசங்ககிட்ட தினமும் சொல்றேன்.

டீசல் லிட்டருக்கு 2024 ஜூன்ல 2.15லேர்ந்து 3.35 வெள்ளிக்குப் போனப்புறம், மேப்பை மாத்தி ட்யூன் பண்ணா எண்ணெய் மிச்சமாகுமான்னு கேட்டு நிறைய பேர் வராங்க. வேற எங்கயோ செஞ்சு கெடுத்துட்டு வரவங்களும் உண்டு. ஒரு வண்டியில எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் அலாரம் 1300ன்னு போட்டிருந்தாங்க. அமெரிக்காக்காரன் ஃபாரன்ஹீட்டுல சொல்ற அளவு அது, நம்ம கணக்குல 704 டிகிரிதான், ஆனா அந்த அலாரம் பாக்ஸ் செல்சியஸ்ல அளக்குது. அலுமினியம் 660லயே உருகிடும், 1300க்கு அலாரம் அடிக்கும்போது எஞ்சின் எங்க இருக்கும் சொல்லு. நல்லவேளை, பிஸ்டன் போறதுக்கு முன்னாடியே கொண்டு வந்தாங்க.

அதனால எந்த மேப்பையும் தொடுறதுக்கு முன்னாடி இதைச் செய். காலையில, ராத்திரி முழுக்க நின்ன வண்டி, கீ ஆன் பண்ணு, ஸ்டார்ட் பண்ணாத, லாக் எடு, அதாவது சென்சார் நம்பரையெல்லாம் லேப்டாப்புல பதிவு பண்ணு. பூஸ்ட் பிரஷர் 100 பக்கம் வந்தா வெளிக்காத்தோட சேர்ந்தது, 0 வந்தா அது இல்லாதது. வாட்டர், காத்து, டீசல் டெம்பரேச்சர் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், 28னா சரி, 82னா ஃபாரன்ஹீட், 301னா கெல்வின், ஒண்ணு மட்டும் விலகி நின்னா அந்த ஸ்கேல்லயோ சென்சார்லயோதான் தப்பு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம், பாரு. 30, 40 வந்தா மெகாபாஸ்கல், 300, 400 வந்தா பார். இதுக்கு ஒரு செலவும் கிடையாது, ஆனா பெரிய மெஷின் வச்சிருக்கிற ஃபோர்மேனுங்களே செய்றதில்ல, எனக்கு அதுதான் கோவம்.

டீசல் அளவுலயும் பாத்துக்கோ. சில ஃபைல்ல ஒரு ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ஒரு தடவை பீச்சுறதுக்கு, எத்தனை கன மில்லிமீட்டர்னு இருக்கும், சிலதுல மில்லிகிராம். 60 கன மில்லிமீட்டர் டீசல் 50 மில்லிகிராம்தான் கனம். மில்லிகிராம் டேபிள்ல 60ஐ அப்படியே போட்டா 20 பெர்சென்ட் கூட ஊத்துறோம், கரும்புகை வரும், இன்ஜெக்டர் மேல பழி போடுவாங்க.

வாங்கின ஃபைலை இன்னும் வண்டியில ஏத்தாத. கீ ஆன் லாக், ஐடில் லாக் ரெண்டையும் அனுப்பு, ஞாயித்துக்கிழமை கடை இல்ல, நிதானமா பாக்குறேன். மெக்கட்ரானிக்ஸ் படிக்கிற உன் பையனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு எடு, அவன் கத்துக்கட்டும். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை கோயிலுக்கு வரேன், அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு மிச்சத்தை முடிச்சிடலாம்.

அன்போட,
உன் மச்சான்