படத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் எங்கள் பகுதியில் உள்ள சிறிய கலைக்கூடத்தில் வருடாவருடம் நடக்கும் உள்ளூர் ஓவியர் கண்காட்சி பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. முன்பு துணி மூட்டை அடுக்கி வைத்திருந்த மாடி அது. அதைத் தேடிப் பிடித்து நிருபரை அனுப்பியதற்கே எங்கள் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஒரு விஷயம் அகப்படவில்லை. யார் அப்பா மீன் ஏலத்தில் கூலிக்கு நிற்கிறார், யார் பகலில் ஆட்டோ ஓட்டுகிறார், யார் வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்தது எல்லாம் இருக்கிறது. அவர்கள் என்ன வரைந்தார்கள் என்பது மட்டும் இல்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் கண்ணாடி, பிரேம் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருவது பெரும்பாலும் சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் படம். கண்காட்சி நெருங்கும்போது மட்டும் ஓவியங்கள் வரும். நான் ஓவியம் படித்தவன் அல்ல. ஆனால் சட்டத்தை மூலை வெட்டிச் சேர்த்து, படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வைத்து, பின்பலகை அடித்து முடிக்கிறவரை படம் மேசையில் என் முகத்துக்கு நேரேதான் கிடக்கும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கட்டுரையில் பெரிய புகைப்படத்தோடு வந்திருக்கும் பெரியவர், அந்தக் காலத்தில் சினிமா பேனரும் கட்சி கட்-அவுட்டும் வரைந்தவர். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போனதையும், பிறகு அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனதையும் உருக்கமாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் இந்த வருடம் அவர் மாட்டியிருப்பது என்ன? தபால் அட்டை அளவில் வரிசையாக முகங்கள். பேனர் வரைகிறவர்கள் சிறிய போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுவார்கள். இவர் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். பெரிய முகத்துக்கான வேலையை உள்ளங்கை அளவு அட்டைக்குள் இறக்கியிருக்கிறார். பென்சில் கட்டத்தை அழிக்கவே இல்லை. கன்னத்துக்கு ரோஸ், மூக்கோர நிழலுக்கு நீலம், உதட்டுக்குக் கீழே ஒரே இழுப்பில் பச்சை. கிட்டே பார்த்தால் வெறும் திட்டுத் திட்டாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றால்தான் ஆள் தெரிவார். அந்தக் கூடத்தில் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் எட்டடி கூடத் தேறாது. அதனால் வருகிறவர்கள் மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது பாவம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கை நடுங்கவில்லை. வாசலுக்கு எதிரே உள்ள சுவரில் மாட்டியிருந்தால் வெளியே படிக்கட்டில் நின்று பார்த்திருக்கலாம். கூடத்தை நடத்துகிறவர்களிடம் நான் சொன்னேன், எடுபடவில்லை. நீங்கள் எழுதியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார்கள்.

அவர் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பிரேம் போட என்னிடம்தான் வந்தார். போட்டுக் கொடுத்தேன். அந்தப் புகைப்படத்தில் அவர் தன் வீட்டு வாசலில் நிற்கிறார், பின்னால் துணி காய்கிறது. அவர் வரைந்தது ஒன்றுகூட அதில் இல்லை.

இன்னொரு படம் எண்ணூர் முகத்துவாரம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிற ஆற்றங்கரையிலிருந்து சாம்பலையே அள்ளி வந்து, சலித்து, பசையில் குழைத்துத் தீட்டியிருக்கிறான் பையன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, அந்த மாதத்து ஆறு. நீர் இருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தை வெறுமனே விட்டுவிட்டான், கரையைத்தான் தீட்டியிருக்கிறான். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பசை போதவில்லை. மேசையில் வைத்துத் தட்டினாலே பொடி உதிர்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று ஆழமான பெட்டிச் சட்டம் போட்டு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் கடை இடைவெளி விட்டேன். இப்போது போய்ப் பாருங்கள், சட்டத்தின் அடியில் மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு சேர்ந்திருக்கும். அடுத்த வருடத்துக்குள் பாதிப் படம் அடியில் இருக்கும் என்று அவனைத் திட்டினேன். உதிரட்டும் என்றான். வேண்டுமென்றே செய்தானா, சமாளிக்கிறானா என்பதை என் போன்றவன் சொல்ல முடியாது. நாலு கண்காட்சி பார்த்துப் பழகியவர் யாராவது சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையில் அவன் அறிவுரையும் கண்ணீரும் கலந்த ஒரு பத்தியாக வருகிறான், எண்ணூர்க்காரன் என்கிற வரியோடு.

படகுகளை லினோகட்டில், அதாவது லினோலியம் தகட்டில் செதுக்கி மை தடவி, அச்செடுத்திருந்த பெண் இப்போது இருப்பது நகரின் தெற்குக் கோடியில், பெரும்பாக்கத்தில். ஆற்றோரத்து வீட்டை எடுத்துவிட்டு அங்கே அனுப்பினார்கள். பிறந்து வளர்ந்தது எங்கள் பக்கம்தான். உள்ளூர் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று கூடத்தில் பெரிய வாக்குவாதமே நடந்து, கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். சரியான முடிவு. கட்டுரை அந்த வாக்குவாதத்தோடு நின்றுவிட்டது. அச்சில் படகுப் பதிவெண் எல்லாம் திரும்பி விழுந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. லினோவில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். இவள் நேராகவே செதுக்கியிருக்கிறாள், தண்ணீரில் தெரிகிற படகு என்று.

எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதினால் குத்துச்சண்டை, கேரம், கானா, இல்லாவிட்டால் கத்தி. இப்போது அந்த வரிசையில் ஓவியமும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எழும்பூர் ஓவியக் கல்லூரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படியா எழுதுகிறார்கள்? 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பித்தபோது அந்தப் பள்ளி இருந்தது பிராட்வேயில், அதாவது எங்கள் பக்கத்தில். இது பலருக்குத் தெரியாது. அதன் முதல்வராக இருந்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பற்றிப் பேசினால் அந்த முதுகுத் தசைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தன் ஆட்களோடு ஈஞ்சம்பாக்கம் போய்ச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். அங்கிருந்தவர்கள் மெழுகு தடவிச் சாயமேற்றிய பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் பணிக்கர் படங்களைப் பற்றிய கட்டுரையில் எழுத்து மாதிரி, கணக்கு மாதிரி ஓடுகிற அந்தக் கோடுகள்தான் முதலில் வரும். வறுமை வந்தாலும் பின்னால்தான் வரும். அந்த மரியாதையை அவர்களோடு நிறுத்திவிட வேண்டாம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கட்டுரை வந்த பிறகு கூட்டம் வந்தது, மறுக்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் உதவி செய்ய வந்தவர்கள். எது விலை குறைவு என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் போட்ட பிரேம் கூலியைவிடக் குறைத்து ஒருவர் கேட்டார். பரிதாபப்பட்டு வாங்குகிற படத்துக்கு யாரும் நியாயமான விலை கொடுக்க மாட்டார்கள், அடுத்த வருடம் அந்த ஓவியரின் அடுத்த படத்தைத் தேடி வரவும் மாட்டார்கள்.

புகழ வேண்டும் என்று கேட்கவில்லை. உள்ளூர்க்காரர் யார் கொடுத்தாலும் மாட்டிவிடுகிறார்கள், அதில் சுமாரானவை நிறைய. ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் நிலையம், அந்தத் தூண்களைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் அதே நிலையத்தை, இணையத்தில் கிடைக்கிற அதே போட்டோவைப் பார்த்து, தூண் நிழல் விழுகிற கோணம்கூட மாறாமல் வரைந்து கொண்டுவருகிறார்கள். நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. போய் உட்கார்ந்து வரைந்தால் பக்கத்துத் துறைமுகச் சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரியாவது படத்துக்குள் வரும். பிரேம் போடுகிறவன் இதைச் சொன்னால் வியாபாரம் போகும். நீங்கள் எழுதலாம். படம் மோசமென்றால் மோசம் என்றே எழுதுங்கள், கோபித்துக்கொள்வார்கள், அடுத்த வருடம் வேறு படம் வரைவார்கள்.

ஆகவே அடுத்த முறை கலைப் பகுதிக்கு எழுதுகிறவரை அனுப்பி வையுங்கள். திறப்பு விழா அன்று வேண்டாம். பொன்னாடை, மைக், நாற்காலி என்று படத்துக்கு முன்னால் நிற்க இடம் இருக்காது. இரண்டாவது வாரம், வேலை நாளில் காலையில் வரச் சொல்லுங்கள். தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். கூடம் பூட்டியிருந்தால் கீழே டீக்கடையில் கேட்கச் சொல்லுங்கள், சாவி அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21