முழுமைத் திட்டத்தோடு மண்டல விதிகளும் திருத்தப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நகரம் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கான முழுமைத் திட்டத்தை வெளியிடும்போது அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வருகிறது. எந்தப் பகுதியில் குடியிருப்புகள் பெருகும், எங்கே கடைகளும் அலுவலகங்களும் அமையும், எந்த நீர்நிலையைச் சுற்றிக் கட்டடமே கூடாது என்பதையெல்லாம் மக்கள் வண்ண வரைபடங்களோடு படிக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு ஏற்ப நிலப் பயன்பாட்டு மண்டல விதிகள் திருத்தப்பட்டனவா என்று அதன்பிறகு கேட்பவர்கள் மிகக் குறைவு. கட்டட அனுமதிக்கான வரைபடங்களைத் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தத் திட்டம் நடைமுறைக்கு வருமா வராதா என்பதை இந்தக் கேள்விக்கான விடைதான் முடிவுசெய்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். முழுமைத் திட்டம் ஏற்கப்படும்போதே மண்டல விதிகளைத் திருத்தி முடிப்பதற்கான கெடுவும் சட்டத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முழுமைத் திட்டம் என்பது நகரம் எந்தப் பக்கம், எப்படி வளர வேண்டும் என்பதைச் சொல்லும் கொள்கை ஆவணம். மண்டல விதிகள் ஒவ்வொரு மனையையும் கட்டுப்படுத்தும் சட்டம். மனையில் என்ன தொழில் நடத்தலாம், கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம், தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) என்ன, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எவ்வளவு திறவிடம் விட வேண்டும், எத்தனை வாகனங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பவை அனைத்தும் அந்த விதிகளில்தான் இருக்கின்றன. விண்ணப்பம் வந்தவுடன் அதைச் சரிபார்க்கும் அலுவலர் எடுத்துப் பார்ப்பது விதிகளைத்தான்; திட்டத்தின் முன்னுரையில் எழுதப்பட்டுள்ள நோக்கங்களைப் பார்த்து அவரால் ஒரு வரைபடத்தை அனுமதிக்கவும் முடியாது, நிராகரிக்கவும் முடியாது. ஆகவே விதிகள் மாறாத வரையில் நகரம் பழைய திட்டத்தின்படியே கட்டப்பட்டு வருகிறது என்பதுதான் உண்மை நிலை.

இதை ஒரு மனையை வைத்துப் பார்க்கலாம். ரயில் நிலையத்துக்கு அருகில் 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட, அதாவது 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மனை இருப்பதாகக் கொள்வோம். நிலையத்தைச் சுற்றி மக்கள் நெருக்கமாகக் குடியிருக்க வேண்டும் என்று புதிய திட்டம் சொல்கிறது. அதற்காகத் தளப்பரப்புக் குறியீட்டை 2 ஆக உயர்த்தியும் விட்டார்கள். அதன்படி 400 சதுர மீட்டர் கட்டலாம். ஆனால் பழைய விதிப்படி முன்புறம் 3 மீட்டர், பின்புறம் 2 மீட்டர், இரு பக்கங்களிலும் ஒன்றரை மீட்டர் திறவிடம் விட்டாக வேண்டும். எஞ்சுவது 7 மீட்டருக்கு 15 மீட்டர், அதாவது 105 சதுர மீட்டர். உயர வரம்பு 9 மீட்டர் என்றால் மூன்று தளங்களுக்கு மேல் போக முடியாது. எனவே அதிகபட்சம் 315 சதுர மீட்டர்தான். அதோடு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியும் இருந்தால் தரைத்தளம் முழுவதும் வாகனங்களுக்குப் போய்விடும். ஒரு கார் நிற்பதற்கு 12 அல்லது 13 சதுர மீட்டர் போதும் என்றாலும், உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் தேவைப்படும் என்பதால், தூண்களும் மாடிப்படியும் போக அந்தத் தரைத்தளத்தில் மூன்று வண்டிகள், மிஞ்சிப்போனால் நான்கு வண்டிகள் நிற்கும். ஆக, வீடுகளுக்கு எஞ்சுவது இரண்டு தளங்களும் 210 சதுர மீட்டரும். ஏழெட்டுச் சிறிய வீடுகள் வரும் என்று திட்டம் எதிர்பார்த்த இடத்தில் மூன்று அல்லது நான்கு வீடுகளுக்கு மேல் சட்டப்படி கட்ட வழியில்லை.

தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்திவிட்டோம் என்று அறிவிப்பது எளிது, அது ஒரே ஓர் எண். திறவிடம், உயரம், வாகன நிறுத்தம், சாலை அகலம் ஆகிய மற்ற விதிகளோடு சேர்த்து ஒவ்வொரு மனை அளவுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. பெரிய மனைகளில் அது பலிக்கும். நகரத்தின் பெரும்பகுதியாக உள்ள சிறிய மனைகளில் பலிக்காது.

இந்த முரண்பாட்டின் விளைவாக விதிவிலக்குகள் பெருகுகின்றன. திட்டம் அனுமதிக்கும் ஒன்றை விதி தடுக்கும்போது, மனை உரிமையாளர் நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டோ, விதித் தளர்வு கேட்டோ தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. வட்டி கட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருக்கவும், ஆலோசகர்களை அமர்த்தவும் வசதியுள்ள பெரிய நிறுவனங்களுக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி. ஒற்றை மனையில் தன் பிள்ளைகளுக்காக ஒரு தளம் உயர்த்த நினைக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத காரியம். அவர்களில் சிலர் கைவிடுகிறார்கள். சிலர் அனுமதியின்றிக் கட்டிவிட்டு, அனுமதியற்ற கட்டடங்களை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் என்றாவது வரும் என்று காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விதிவிலக்கும் தனிப்பட்ட முடிவாக இருப்பதால், ஒருவருக்குக் கிடைத்தது அடுத்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு யாரிடமும் நேர்மையான பதில் இருப்பதில்லை. முறைகேடு நடக்காத அலுவலகத்தில்கூட இது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

கட்டடங்கள் வர வேண்டிய இடத்தில் வராமல் போவதைவிட, வரக்கூடாத இடத்தில் வந்துவிடுவது பெரிய ஆபத்து. வெள்ளநீர் தேங்கும் தாழ்வான ஒரு பகுதியை இனிக் கட்டடமற்ற பகுதியாக வைத்திருக்க வேண்டும் என்று புதிய திட்டம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டல வரைபடத்தில் அது இன்னும் குடியிருப்பு மண்டலமாகவே இருக்கிறது. தடை வரப்போகிறது என்பதைத் திட்டமே ஊருக்கு அறிவித்துவிட்டதால், விதி திருத்தப்படுவதற்குள் அனுமதி வாங்கிவிட வேண்டும் என்று விண்ணப்பங்கள் குவிகின்றன. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும்போது அலுவலர் மறுக்க முடியாது. மறுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. அனுமதி கிடைத்து, அடித்தளம் போட்டு, சாலையும் மின் இணைப்பும் வந்து, வங்கிக் கடனில் வீடு வாங்கிய குடும்பங்கள் குடியேறிய பிறகு அந்த நிலத்தை மீண்டும் நீருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்ல எந்த அரசாலும் முடிவதில்லை. அந்தக் குடும்பங்கள் மீதும் குற்றம் இல்லை. அவர்கள் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வீட்டைத்தான் வாங்கினார்கள். திட்டத்துக்கும் விதிக்கும் இடையில் விடப்பட்ட ஆண்டுகள்தான் இந்த இழப்பை உண்டாக்குகின்றன. எனவே, விதித்திருத்தம் முழுமையடையும் வரை இத்தகைய பகுதிகளில் மட்டுமாவது புதிய அனுமதிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கும் இடைக்கால ஆணை, வரைவுத் திட்டம் வெளியாகும் அதே நாளில் பிறப்பிக்கப்பட வேண்டும்.

இந்த இடைவெளி ஏன் இத்தனை நாடுகளில் காணப்படுகிறது என்பதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டு நகர் முழுமைக்குமான மண்டல விதிகளை இயற்றியது. 1926ஆம் ஆண்டு யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மண்டல விதிகளுக்கான மாதிரிச் சட்டத்தை அந்நாட்டு வணிகத் துறை 1920களின் நடுவிலேயே வெளியிட்டுவிட்டது; நகரத் திட்டத்துக்கான மாதிரிச் சட்டம் 1928ஆம் ஆண்டுதான் வந்தது. விதிகள் ஒரு முழுமையான திட்டத்துக்கு இணங்க இருக்க வேண்டும் என்று முதல் சட்டம் சொன்னபோதும், திட்டம் என்ற ஒன்று பல ஊர்களில் இருக்கவே இல்லை. விதிகளே திட்டம்தான் என்று பல நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. விதி முந்தியும் திட்டம் பிந்தியும் பிறந்த அந்த வழக்கத்தின் சுமையை இன்றும் பல நகரங்கள் சுமக்கின்றன.

அந்த நிலை மாறத் தொடங்கியது 1970களில். ஒரேகன் மாநிலத்தில் மில்வாக்கி என்ற சிறு நகரம் 1968ஆம் ஆண்டு இயற்றிய மண்டல விதி, ஒரு குறிப்பிட்ட பகுதியில் ஏக்கருக்கு 39 வீடுகளை அனுமதித்தது. அடுத்த ஆண்டே அந்நகரம் ஏற்ற திட்டம் அதே பகுதியில் 17 வீடுகள் என்று குறித்தது. விதி திருத்தப்படவில்லை, ஏக்கருக்கு ஏறத்தாழ 26 வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு அனுமதி வழங்கப்பட்டது. அண்டை நில உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். திட்டத்தை ஏற்ற நகரம் அதற்கு இணங்கத் தன் விதிகளைத் திருத்தக் கடமைப்பட்டது என்று 1975ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டத்தை நம்பியவர் அங்கே அடர்த்தியைக் குறைக்கக் கேட்டவர் என்பதைக் கவனிக்க வேண்டும். விதித்திருத்தம் என்றாலே கட்டட நிறுவனங்களுக்கான சலுகை என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன்.

சட்டத்தில் கெடு வைப்பதும் புதிதல்ல. திட்டம் திருத்தப்பட்டதால் விதி முரண்பட்டால், நியாயமான காலத்துக்குள் விதியைத் திருத்த வேண்டும் என்று கலிபோர்னியாவின் சட்டம் சொல்கிறது. புளோரிடா 1985ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டம் இன்னும் தெளிவாக ஓராண்டு என்று கெடு விதித்தது. நியாயமான காலம் என்று எழுதினால் ஆண்டுகள் ஓடிவிடும் என்பதால், எண்ணில் குறிக்கும் முறையே நல்லது என்று கருதுகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து எட்டு உள்ளாட்சி அமைப்புகளை 2010ஆம் ஆண்டு ஒன்றிணைத்து உருவான மாநகரம். அது 2012ஆம் ஆண்டு முப்பது ஆண்டுகளுக்கான திட்டத்தை ஏற்றது. அடுத்த ஆண்டே ஒருங்கிணைந்த விதிகளின் வரைவை வெளியிட்டது. 9,000க்கும் மேற்பட்ட மனுக்களைத் தனிக்குழு ஒன்று விசாரித்தபின், 2016ஆம் ஆண்டு விதிகளின் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிடக் கூடுதல் வீடுகளுக்கு வழி பிறந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2040ஆம் ஆண்டுக்கான திட்டத்தை 2018ஆம் ஆண்டு ஏற்று, கட்டட வடிவ விதிகளையும் வாகன நிறுத்த விதிகளையும் முதலிலும், நிலப் பயன்பாட்டு விதிகளை 2023ஆம் ஆண்டிலும் என்று படிப்படியாகத் திருத்தியது. ஒரே மூச்சில் முடிக்க முடியாத நகரங்களுக்கு இந்த வழி பொருந்தும்.

விதிகளுக்கும் திட்டத்துக்கும் முரண்பாடு வந்தால் திட்டமே மேலோங்கும் என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. திட்டம் 'நடுத்தர அடர்த்தி', 'கலப்புப் பயன்பாடு' என்ற அளவில்தான் பேசும். அதை வைத்து ஒரு மனையில் எத்தனை மீட்டர் திறவிடம், எத்தனை தளம் என்று எந்த அலுவலராலும் முடிவுசெய்ய இயலாது. முடிவுசெய்தால் ஒவ்வொன்றும் வழக்காகும்.

பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் தாங்காத இடத்தில் கூடுதல் தளங்களை அனுமதிப்பது எப்படி என்ற ஆட்சேபணை இதைவிட வலுவானது. அதில் நியாயம் இருக்கிறது. குழாய் போடாமல் மக்களைக் குடியேற்றுவதை யாரும் ஆதரிக்கக் கூடாது. ஆனால் அதற்குத் தீர்வு விதிகளைத் தொடாமல் விட்டுவிடுவது அல்ல. எந்தப் பகுதியில் எந்த வசதி முடிந்ததும் எந்த விதி நடைமுறைக்கு வரும் என்பதைத் திருத்தத்திலேயே எழுதிவைக்கலாம். அப்படி எழுதினால் குழாய் போடும் துறைக்கும் எந்தத் தெருவில் முதலில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது தெரியும். ஏற்கெனவே சட்டப்படி கட்டப்பட்டு இயங்கிவரும் கடைகளும் வீடுகளும் புதிய மண்டலத்துக்குப் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்ற அச்சமும் மக்களிடம் உண்டு. அவை இருக்கும் நிலையில் தொடரலாம், பழுது பார்க்கலாம், ஆனால் விரிவுபடுத்தக் கூடாது என்று எழுதுவதே உலக வழக்கம். அதை மறைபொருளாக விடாமல், திருத்தத்தின் முதல் பக்கங்களிலேயே எளிய சொற்களில் சொல்லிவிட்டால் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எழும் பாதிக் கூச்சல் அடங்கிவிடும்.

திட்டம் தயாரிக்கப் பெரிய தொகை ஒதுக்கும் அரசுகள் விதித்திருத்தத்துக்கென்று தனியாக ஒதுக்குவது அரிது. அது சலிப்பூட்டும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கான உட்பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நில அளவையாளர், வழக்கறிஞர், தீயணைப்புத் துறையினர், பொறியாளர் ஆகியோர் சேர்ந்து உட்கார வேண்டும். அதற்கான ஆட்களும் பணமும் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

இதன்பொருட்டு ஒவ்வொரு நகரத்தின் திட்டக் குழுமமும் முழுமைத் திட்டத்தின் வரைவோடு சேர்த்து, எந்த விதி அதன் எந்தப் பகுதியோடு முரண்படுகிறது, அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கெடு தவறினால் ஏன் தவறியது என்பதை மன்றத்தில் எழுத்து மூலம் விளக்கும் கடமையும் இருக்க வேண்டும். திருத்தத்துக்கு முன் பதிவான விண்ணப்பங்கள் எந்த விதிப்படி பரிசீலிக்கப்படும் என்பதையும் அந்த அட்டவணையிலேயே குறிப்பிட வேண்டும். மேலும், எந்த விதியிலிருந்து எத்தனை பேருக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால், அடுத்துத் திருத்தப்பட வேண்டிய விதி எது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். தங்கள் நாளிதழ் முழுமைத் திட்டங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போதெல்லாம் இந்த அட்டவணை எங்கே என்ற கேள்வியையும் சேர்த்து எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்