தெருவுக்கு வரும் சாய்தளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரத்தை அடுத்த எங்கள் தெருவின் அகலம் 20 அடி. சென்ற ஆண்டு எதிர்வீட்டுக்காரர் கார் வாங்கியதும் சுற்றுச்சுவரை இடித்துப் பெரிய கேட் வைத்தார். கேட்டுக்கு வெளியே 4 அடிக்குக் கான்கிரீட் சாய்தளமும் போட்டார். அது மழைநீர் வடிகாலின் வாயை அடைத்துவிட்டதால், ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் குறுக்கே திரும்பி எங்கள் வாசற்படியில் தேங்கியது. போய்க் கேட்டேன். "எட்டு வருஷமா உங்க கார் என் வாசலுக்கு நேரேதானே சார் நிக்குது, அதை நான் யார்கிட்ட சொல்றது?" என்றார். அதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் இரு வீட்டுக்கும் பேச்சே நின்றுவிட்டது.

பொதுத் தெருவை ஒட்டி மனை வைத்திருப்பவர் தம் எல்லையில் எந்த இடத்திலிருந்தும் தெருவில் இறங்கலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட உரிமை. எத்தனை ஆண்டு காரை நிறுத்தினாலும் தெருவோரம் எனக்குப் பாத்தியம் ஆகாது. பிறர் வாசலை மறித்து நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் தடுக்கின்றன. ஆனால் இறங்கும் உரிமை வேறு, தெருவை எடுத்துக்கொள்வது வேறு. சாய்தளம் மனைக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும்.

அது ஏன் முடிவதில்லை என்பதுதான் கேள்வி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டே நம் தெருக்கள் உயர்ந்தன. சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்ட பிறகும், தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும் என்ற பயம் மக்களுக்கு விடவில்லை. ஆகவே தரையை ஒன்றரை அடி தூக்கிக் கட்டுகிறோம். எட்டடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்ற சரிவில் ஒன்றரை அடி இறங்க 12 அடி நீளம் வேண்டும். முன்புறம் விட்ட 5 அடியில் அது எப்படி அடங்கும்? எதிர்வீட்டுக்காரர் தெருவில் 4 அடி எடுத்தும்கூட, அவர் காரின் அடிப்பாகம் இன்றும் சாய்தளத்தில் உரசிக்கொண்டுதான் இறங்குகிறது.

இதைக் கவனிக்க வேண்டிய நேரம் கட்டட அனுமதி. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி பெறுகிறார்கள். அலைச்சல் குறைந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் யாரும் முன்கூட்டி வந்து பார்க்காத நிலையில், கேட் எங்கே வரும், தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம், எதிரே மின்கம்பமோ வடிகால் வாயோ உண்டா என்பவற்றை வரைபடத்திலேயே கட்டாயமாகக் காட்டச் சொல்ல வேண்டாமா?

எங்கள் வழக்கு, நல்லவேளை, வழக்காகவில்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கட்டணமின்றி மனுக் கொடுக்கலாம், லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம் என்று தெரிந்த பிறகு, அங்கே போகும் முன் ஒருமுறை உட்கார்ந்து பேசினோம். நான் காரை என் வளாகத்துக்குள் கொண்டுபோனேன். அவர் வடிகால் வாயைத் திறந்துவிட்டார். சாய்தளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

புகார் வந்த வீட்டில் மட்டும் இடித்துவிட்டுப் போனால் புகார் கொடுத்தவர் யார் என்ற அடுத்த சண்டை தொடங்கும். எனவே மாநகராட்சி தெரு முழுவதையும் ஒரே நாளில் அளந்து, முன்னறிவிப்புத் தந்து, எல்லாச் சாய்தளங்களையும் சேர்த்தே அகற்ற வேண்டும். என் வீட்டு வாசலில் ஒன்றரை அடிக்கு நீண்டிருப்பதும் அந்தக் கணக்கில் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்.